பின்புறத்தில் பூசிய வண்ணம்

2025 மார்ச் கடைசி வாரம். நிதியாண்டு முடிகிற நாட்களில் ஒரு வங்கிக் கிளையில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. அப்படியும் எங்கள் கிளையில் ஏறக்குறைய எல்லோருடைய வாட்ஸ்அப் படமும் அந்த வாரத்தில் மாறிப்போயிற்று. காஷியர், மேனேஜர், நகை மதிப்பிடும் அப்ரைசர் எல்லோரும் பெரிய கண்களும் சிவந்த கன்னங்களுமாக, பின்னால் பசுமையான மரங்கள் சூழ, மியாசாகி ஹயாவோவின் ஏதோ ஒரு படத்தில் துணைப் பாத்திரங்கள் போல ஆகிவிட்டிருந்தார்கள். புகைப்படம் ஒன்றைக் கொடுத்தால் கிப்லி ஸ்டூடியோவின் பாணியில் மாற்றித் தரும் வசதி சாட்ஜிபிடியில் அப்போதுதான் வந்திருந்தது. அப்ரைசர் தன் காலமான மனைவியின் படத்தையும் மாற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்துக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

கேலி செய்தவர்கள் என் இலக்கிய நண்பர்கள். பழைய ஜப்பானியச் சித்திரப்படங்களில் இருந்த 'கை' இதில் இல்லை என்பது அவர்கள் வாதம். நண்பர் ஒருவர் இதுபற்றி எனக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் 'கை' என்ற சொல் பதினொரு இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன், தொழில் பழக்கம். கம்ப்யூட்டர் வந்து கையைத் துரத்திவிட்டது, 1980களின் படங்களில் கோட்டில் ஒரு நடுக்கம் இருந்தது, வண்ணத்தில் ஒரு மனிதச் சூடு இருந்தது, இப்போது எல்லாம் வழவழவென்று செத்துக் கிடக்கிறது என்பது கடிதத்தின் சாரம்.

அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் ஏக்கம் ஒன்றாகவும் அதற்கு நாம் இடும் பெயர் வேறொன்றாகவும் இருக்க முடியும். 'கை' என்ற பெயர் இங்கே தப்பான பெயர் என்று எனக்குப் படுகிறது. வெறும் தப்பு என்றால் விட்டுவிடலாம். இது சில பேரை மறைக்கிற தப்பு.

முதலில் ஒரு சாதாரண உண்மை. ஜப்பானியச் சித்திரப்படத்தில் கை போய்விடவில்லை. மியாசாகியின் 2023ஆம் ஆண்டுப் படம் காகிதத்தில் பென்சிலால் வரையப்பட்டதுதான். சென்ற சில ஆண்டுகளாகப் பல ஸ்டூடியோக்களில் காகிதத்துக்குப் பதில் மின்பலகையில் வரைகிறார்கள் என்பது உண்மை. அங்கும் வரைவது கையே. நண்பர் துக்கம் கொண்டாடும் மாற்றம் நடந்தது வேறு இடத்தில், வேறு சமயத்தில். தோயெய் ஸ்டூடியோ 1997இல் தன் டெலிவிஷன் தொடர்களைக் கம்ப்யூட்டரில் வண்ணமேற்றத் தொடங்கியது. அதே ஆண்டு வந்த 'மோனோனோகே ஹிமே'யில், வண்ணம் பூசி முடிக்க நேரம் போதாமல், சில பகுதிகளைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். கிப்லி 1999இல் எடுத்த அடுத்த படத்தில் பழைய முறை முற்றிலுமாக நின்றது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய தொழில் முழுதும் மாறிவிட்டது. 1969 முதல் ஞாயிறு மாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் 'சசாயே சான்' என்ற குடும்பத் தொடர் மட்டும் பிடிவாதமாகப் பழைய முறையில் கொஞ்சம் வைத்திருந்தது. 2013 செப்டம்பரோடு அதுவும் முடிந்தது.

முடிந்தது என்ன? செல் என்கிற பொருள். அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். அந்தப் படங்களின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பொருளை யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

செல்லுலாய்ட் என்பதன் சுருக்கம் செல். சட்டென்று தீப்பற்றும் அந்தத் தாளுக்குப் பதில் அசிடேட் தாள் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. கண்ணாடி போல் ஊடே தெரியும் மெல்லிய தாள். ஓவியர் பென்சிலால் வரைவது காகிதத்தில். ஓர் அசைவின் முக்கிய நிலைகளை ஒருவர் வரைவார், அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளை இளையவர் ஒருவர் வரைவார். அந்தக் கோட்டை செல்லின் முன்புறத்தில் ஏற்ற வேண்டும். பிறகு செல்லைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில், கோட்டைத் தாண்டாமல் வண்ணம் பூச வேண்டும். பூசிக் காய்ந்ததைத் திருப்பினால் முன்னால் ஒரே சீரான, தூரிகைத் தடமில்லாத வண்ணத் தளம் தெரியும். தடம் இருக்கும், ஆனால் பின்னால். தன் கை முன்னால் தெரியாமல் பூசுவதுதான் அந்த வேலையின் திறமை. பிறகு பின்னணிச் சித்திரத்தின் மேல் செல்களை அடுக்கி, கண்ணாடி போட்டு அழுத்தி, மேலேயிருந்து காமிரா ஒவ்வொரு பிரேமாக எடுக்கும். வினாடிக்கு 24 பிரேம்.

இந்த அடுக்கில் தூரிகை ஓடியது தெரிகிற இடம் ஒன்றே ஒன்று: காகிதத்தில் போஸ்டர் கலரால் தீட்டிய பின்னணி. ஆனால் நண்பர்கள் 'கை' என்று சொல்லும்போது பின்னணியைச் சொல்வதில்லை. பாத்திரங்களின் கோட்டையும் வண்ணத்தையும் சொல்கிறார்கள்.

*

கோட்டின் சரித்திரத்தைப் பார்க்கலாம்.

தோயெய் தோகா என்ற ஸ்டூடியோ 1956இல் தொடங்கியது. கிழக்கின் டிஸ்னி ஆக வேண்டும் என்பது அதை நிறுவியவர்களின் ஆசை. 1958 அக்டோபரில் அங்கிருந்து 'ஹகுஜாதென்' வந்தது. வெள்ளைப் பாம்பு பெண்ணாகி ஒரு இளைஞனைக் காதலிக்கும் சீனக் கதை. ஜப்பானின் முதல் முழுநீள வண்ணச் சித்திரப்படம். பள்ளிக் கடைசி வருஷத்தில் படித்துக்கொண்டிருந்த மியாசாகி அந்தப் படத்தின் கதாநாயகியிடம் மனதைப் பறிகொடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். ஐந்து வருஷம் கழித்து அதே ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தப் படத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைச் சுற்றியோடும் கோடு யாருடையது? மோரி யசுஜி, தைகுஹாரா அகிரா என்ற இரண்டு பெரிய ஓவியர்கள் அந்தப் படத்துக்குத் தூண்கள். ஆனால் திரையில் நாம் பார்ப்பது அவர்கள் போட்ட கோடல்ல. அவர்களுடைய பென்சில் சித்திரத்தின் மேல் செல்லை வைத்து, பேனாவில் மை தொட்டு, தடுமாறாமல் ஒரே சீராக இழுத்தவர்கள் ட்ரேஸ் பிரிவில் இருந்தவர்கள். பெரும்பாலும் பெண்கள், பலர் பள்ளிப்படிப்பு முடித்த கையோடு வந்தவர்கள். பென்சிலின் அழுத்தம், தயக்கம், வேகம் எல்லாம் அவர்கள் பேனாவில் வடிந்து, சுத்தமான ஒரு மைக்கோடு மிஞ்சும். அக்காலப் படங்களின் கோடு அமைதியாக, கொஞ்சம் மரியாதையாகக்கூட இருப்பது அதனால்தான். நண்பர் உருகும் நடுக்கம் அதில் இல்லை. நடுங்கினால் செல்லைத் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

நடுக்கம் வந்தது 1960களின் கடைசியில், ஒரு இயந்திரத்தின் மூலம். பென்சில் சித்திரத்தின் மேல் கார்பன் தாள், அதன் மேல் செல். மூன்றையும் சேர்த்து சூடான இயந்திரத்துக்குள் விட்டால், பென்சில் ஓடிய இடத்திலெல்லாம் கார்பன் செல்லில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் டிஸ்னி ஜெராக்ஸைத் தனக்கேற்ப மாற்றி 1961இல் நூற்றொரு நாய்களின் படத்தை எடுத்தது இதே தேவைக்காகத்தான். அத்தனை நாய்களின் அத்தனை புள்ளிகளையும் கையால் மையிட்டு முடியாது. ஜப்பானில் இந்த ட்ரேஸ் இயந்திரத்தின் உண்மையான அறிமுகம் என்று 1969இல் தோயெய் எடுத்த 'டைகர் மாஸ்க்' தொடரைச் சொல்ல வேண்டும். புலி முகமூடி அணிந்த மல்யுத்த வீரனின் கதை. கிமுரா கெய்இச்சிரோவும் மற்றவர்களும் போட்ட முரட்டுக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று கிறுக்கியவை, தடித்தும் மெலிந்தும் தேய்ந்தும் போனவை, அப்படியே திரைக்கு வந்தன. அடி விழும்போது கோடும் சிதறியது. மைப்பேனா வைத்திருந்த பெண் ஒருபோதும் அனுமதித்திருக்க மாட்டாள்.

1970களிலும் 1980களிலும் வந்த படங்களின் கோட்டில் நாம் கண்டுகொள்ளும் கையை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தது சூடேறிய உருளையும் கார்பனுமே. அதற்கு முந்தைய கோடு உண்மையிலேயே கையால் இழுக்கப்பட்டது. அதில் நமக்குக் கை தெரிவதில்லை. இயந்திரம் இடையில் வந்து ஒரு தொழிலாளியின் கையை அகற்றிய பிறகுதான் கலைஞனின் கை தெரிந்தது. இதை ஒரு சாமர்த்தியமான முரணாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. ஒரு பெண்ணின் வேலை போய்த்தான் அந்த நடுக்கம் நமக்குக் கிடைத்தது. முழுதாகவும் போகவில்லை. இயந்திரம் தந்தது கறுப்புக் கோடு மட்டும். கன்னச் சிவப்பின் விளிம்பு, கண்ணில் ஒளிப்புள்ளியின் எல்லை, நெருப்பு, தண்ணீர் இவற்றின் வண்ணக் கோடுகளைக் கடைசிவரை யாரோ பேனாவால் செல்லில் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

*

அடுத்தது அசைவு. இங்கே என் தொழிலின் பெயர் வருகிறது.

1963 புத்தாண்டு தினத்தில் 'தெத்சுவான் அதோமு' டெலிவிஷனில் தொடங்கியது. தெசுகா ஒசாமுவின் ரோபோச் சிறுவன். வாரம் ஒரு அரைமணி நேரச் சித்திரப்படம் என்பது அதுவரை ஜப்பானில் யாரும் துணியாத காரியம். அமெரிக்க டெலிவிஷன் கார்ட்டூன்களின் சிக்கனத்தை இன்னும் இறுக்கினார் தெசுகா. ஒரே சித்திரத்தை மூன்று பிரேமுக்குப் பிடித்து வைத்தால் வினாடிக்கு எட்டுச் சித்திரம் போதும். பேசும்போது வாய் மட்டும் அசையட்டும். முகத்தின் மேல் காமிரா நகரட்டும், முகம் நகர வேண்டாம். பறக்கிற செல், ஓடுகிற செல் எல்லாவற்றையும் எடுத்து வைத்து வேறு வேறு பின்னணிகளின் மேல் மறுபடி மறுபடி போடலாம். இப்படிச் சேமித்து வைத்த செல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் பாங்க். எடுக்க எடுக்க இருப்புக் குறையாத கணக்கு அது ஒன்றுதான். எங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்தால் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

மிகக் குறைந்த விலைக்குத் தெசுகா தொடரை ஒப்புக்கொண்டதும், அந்த விலை பிற்பாடு தொழில் முழுவதற்கும் சுமையாகிப்போனதும் நெடுங்காலச் சர்ச்சை. 1989 பிப்ரவரியில் தெசுகா இறந்தார். நாடே அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தபோது மியாசாகி இதைக் காட்டமாக எழுதினார். காமிக்ஸ் கலைஞனாக அவரை வணங்குவதும் சித்திரப்படத்தில் அவர் செய்ததை ஏற்காமலிருப்பதும் வேறு வேறு என்ற தொனியில். இறந்தவரைப் பற்றி எழுதும்போது நம் ஊரில் இந்தத் தைரியம் எத்தனை பேருக்கு வரும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்தச் சர்ச்சையில் மியாசாகியின் பக்கம் முழுவதுமாகச் சாய என்னால் முடியவில்லை. காரணம் தெசாகி ஒசாமு.

தெசாகி தெசுகாவின் முஷி ஸ்டூடியோவில் வளர்ந்தவர். அந்த வறுமைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். 1970இல் 'நாளைய ஜோ' என்ற குத்துச்சண்டைத் தொடரை இயக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தாறு. அசைவுக்குக் காசு இல்லையென்றால் அசைவின்மையையே ஏன் பேச வைக்கக்கூடாது என்று அவர் கேட்டதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு குத்து விழுகிறது. அந்தக் கணம் உறைகிறது. உறைந்த சித்திரம் செல்லின் சமதளமான வண்ணத்தை உதறிவிட்டு, தீட்டிய ஓவியமாக மாறி நிற்கிறது. 'ஹார்மனி' என்று தொழிலில் சொல்வார்கள்: கோடு மட்டும் செல்லில் இருக்கும், வண்ணத்தைப் பின்னணி ஓவியர் தன் தூரிகையால் காகிதத்தில் தீட்டித் தருவார். ஒரே காமிரா நகர்வு மூன்று முறை அடுத்தடுத்து வரும், மனம் ஒரு காட்சியை விட முடியாமல் திரும்பித் திரும்பிப் பார்ப்பது போல. செல்லில் கறுப்புத் தாளைப் போட்டு, அதில் ஓட்டை வெட்டி, கீழிருந்து விளக்கைப் போட்டால் வரும் கண் கூசுகிற ஒளியை அவர் ஈவிரக்கமில்லாமல் பயன்படுத்தினார். 1978இல் 'புதையல் தீவு', 1979இல் தொடங்கிய 'வெர்சாயின் ரோஜா'வின் பிற்பகுதி, 1980இல் ஜோவின் இரண்டாம் தொடர் என்று இந்த மொழி முதிர்ந்துகொண்டே போனது. பாத்திரங்களை வரைந்த சுகினோ அகியோவும் பின்னணியின் கொபயாஷி ஷிச்சிரோவும் இல்லாமல் இதைச் சொல்லக்கூடாது.

முழு அசைவை நம்பிய தோயெய் மரபில் இது பிறந்திருக்காது. நண்பர் கொண்டாடுகிற 'பழைய பாணி'யின் பாதி இங்கிருந்து வந்தது: உறைந்த கணம், நீளும் மௌனம், வானத்தின் மேல் காமிரா ஊர்ந்துகொண்டே இருப்பது. இதைக் கையின் தாராளம் என்று நினைக்கிறார் அவர். கைக்குக் கொடுக்கப் பணமில்லாததால் வந்தது அது. முஷி ஸ்டூடியோ 1973இல் திவாலானது.

*

வண்ணத்துக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அரைமணி நேர டெலிவிஷன் படம் ஒன்றுக்கு மூவாயிரம், நாலாயிரம் செல்கள் என்பது பின்னாளில் வழக்கமான கணக்கு. ஒவ்வொன்றையும் யாரோ திருப்பிப் போட்டுப் பூச வேண்டும். ஒத்தோமோ கத்சுஹிரோவின் 'அகிரா'வுக்கு (1988) ஒன்றரை லட்சத்துக்கும் மேல் செல்கள் என்றும், 327 வண்ணங்கள், அவற்றில் 50 அந்தப் படத்துக்கென்றே கலந்தவை என்றும் சொல்வார்கள். இரவுக் காட்சிகளுக்கு வழக்கமான நீலத்தைப் போடாமல் சிவப்பையும் பச்சையையும் போட்டதால் வந்த செலவு அது. படம் பார்த்தவர்களுக்கு அந்த இரவு மறக்காது.

செல்லின் வண்ணத்துக்கு ஒரு குணம் உண்டு. செல் கண்ணாடி போல் இருந்தாலும் முழுக்கக் கண்ணாடி அல்ல. நான்கு செல்களை அடுக்கினால் அடியில் இருப்பதன் வண்ணம் ஒரு இழை மங்கும். ஒரே சட்டையை அணிந்த ஒரே மனிதன் அடியில் இருக்கும்போது ஒரு வண்ணமும் மேலே வரும்போது இன்னொரு வண்ணமும் பூச வேண்டும், திரையில் ஒன்றாகத் தெரிவதற்காக. இந்த மங்கல், மேல் செல்லின் விளிம்பு கீழே போடும் மெல்லிய நிழல், கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தூசு, ஃபிலிமின் மணல்தன்மை எல்லாம் சேர்ந்ததுதான் நாம் மனிதச் சூடு என்று உணர்வது. கம்ப்யூட்டரில் அடுக்குகள் உண்டு, ஆனால் அவற்றுக்குக் கனம் கிடையாது. எத்தனை அடுக்கினாலும் அடியில் இருப்பது மங்காது.

இந்தக் கணக்கையெல்லாம் தலையில் வைத்திருந்தவர் யசுதா மிச்சியோ. 1958இல், 'ஹகுஜாதென்' வந்த அதே ஆண்டில், தோயெய் ஸ்டூடியோவில் சேர்ந்தார். ட்ரேஸ், வண்ணம் என்று கீழ்ப்படிகளில் தொடங்கியவர். தகாஹதா இசாவோவையும் மியாசாகியையும் அவர் நெருங்கி அறிந்தது தொழிற்சங்க வேலையில். பிறகு கிப்லி ஸ்டூடியோ படங்கள் பலவற்றின் வண்ணம் அவருடைய பொறுப்பு, 2013இல் வந்த 'காற்று எழுகிறது' வரை. 2016இல் இறந்தார். மியாசாகியின் புல்வெளியை, கடலை, ஆகாயத்தைப் பற்றி நாம் எவ்வளவு எழுதிவிட்டோம்! பின்னணியின் புல்லுக்கு முன்னால் நிற்கும் பெண்ணின் உடை அந்தப் புல்லோடு சண்டை போடாமல், அதில் கரைந்தும் போகாமல் இருப்பது ஒரு தீர்மானம். அதை எடுத்தவரின் பெயரைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

யசுதாவுக்காவது பெயர் இருக்கிறது. தோயெய் ஸ்டூடியோவில் குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவதாகப் பெண்களிடம் எழுதி வாங்கும் வழக்கம் இருந்தது. ஒகுயாமா ரெய்கோ என்ற ஓவியர் அதற்குப் பணியவில்லை. உடன் வேலை செய்த கொதாபே யோஇச்சியைக் கல்யாணம் செய்துகொண்டார், குழந்தை பெற்றார், வேலையிலும் இருந்தார். தகாஹதாவின் முதல் படமான 'ஹோருஸ்' (1968), சங்கத்துக்காரர்கள் ஒரு லட்சியமாக எடுத்து வசூலில் தோற்ற படம், அதில் ஒகுயாமாவின் கோடு இருக்கிறது. 2019இல் ஜப்பானிய அரசுசார் டெலிவிஷன் ஒரு காலைத் தொடருக்கு அவர் வாழ்க்கையைத் தூண்டுதலாக எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, குழந்தை பிறந்ததும் போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்று தொடர் எடுக்க முடியாது.

டெலிவிஷன் பெருகப் பெருக வண்ணம் பூசும் வேலை ஸ்டூடியோவை விட்டு வெளியே போனது. தாள் கணக்கில் கூலி. வீட்டு வேலைகளுக்கு நடுவே குடும்பப் பெண்கள் பூசிக் கொடுத்தார்கள். 1970களில் தென் கொரியா, பிறகு பிலிப்பைன்ஸ், பிறகு சீனா. படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர்களுடைய கம்பெனியின் பெயர் இருந்தால் அதிகம். பழைய சிறுபத்திரிகைகளின் ஈய எழுத்து அச்சை நாமும் இப்படித்தான் தடவித் தடவி ரசிக்கிறோம். அந்த எழுத்தைக் கோத்த கம்பாஸிட்டரை நமக்குத் தெரியாது.

முஷி ஸ்டூடியோவில் வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஹத்தா யோகோ என்பவர் கல்யாணமாகி கியோத்தோ பக்கம் உஜி என்ற ஊருக்குப் போனார். 1981இல் அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தோக்கியோ ஸ்டூடியோக்களுக்கு செல் பூசிக் கொடுக்கத் தொடங்கினார். அது கியோத்தோ அனிமேஷன் என்ற கம்பெனியாக வளர்ந்தது. பின்னால் படங்களையும் தானே எடுத்தது. வேலையாட்களுக்குத் தாள் கூலிக்குப் பதில் மாதச் சம்பளம் கொடுத்தது என்பது அந்தத் தொழிலில் பெரிய விஷயம். 2019 ஜூலை 18 அன்று ஒருவன் அந்த ஸ்டூடியோவுக்குள் பெட்ரோலை ஊற்றித் தீவைத்தான். 36 பேர் இறந்தார்கள். அங்கிருந்த காகிதச் சித்திரங்கள் எரிந்தன. ஒரு சர்வரில் இருந்த டிஜிட்டல் பிரதிகளை மட்டும் மீட்டார்கள். காகிதம், கம்ப்யூட்டர் என்று கட்சி கட்டிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வந்து பேச்சு நின்றுவிடுகிறது.

*

டிஜிட்டலின் முதல் ஆண்டுகளில் வந்த படங்கள் பலவும் பார்க்கச் சகிக்கவில்லை என்பதில் நண்பரோடு எனக்கு உடன்பாடு. அதற்கும் காரணம் கை இல்லாமை அல்ல. பென்சில் கோட்டை ஸ்கேன் செய்யும்போது சாம்பல் நிறங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு புள்ளி ஒன்று கறுப்பு அல்லது வெள்ளை என்று ஆக்கினார்கள். வண்ணமேற்ற அது வசதி. 1958இன் மைப்பேனா செய்ததையே, அந்தப் பெண்களின் நிதானம் இல்லாமல், இது செய்தது.

சாம்பலைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று காட்டியவர் தகாஹதா. 2013இல் வந்த 'இளவரசி காகுயாவின் கதை'யில் கோடு கரித்துண்டால் கிறுக்கியதுபோல் உடைந்து உடைந்து ஓடுகிறது, நீர்வண்ணம் கோட்டுக்கு வெளியே நிற்கிறது, பல இடங்களில் காகிதம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. மாளிகையை விட்டு இளவரசி ஓடும் காட்சியில் கோடு அவளோடு சேர்ந்து மூர்க்கமாகி உருவத்தையே இழந்துவிடுகிறது. ஜப்பானியச் சித்திரப்படத்தில் 'கை' இவ்வளவு அப்பட்டமாகத் தெரிந்த முழுநீளப் படம் வேறில்லை என்று நினைக்கிறேன். அது செல்லில் எடுக்கவே முடியாத படம். நீர்வண்ணத்தின் மெல்லிய கறை செல்லின் வழுவழுப்பில் நிற்காது. தகாஹதா 1999இல் எடுத்த 'யமாதா குடும்பம்' இதற்கு ஒத்திகை. அதற்காகத்தான் கிப்லி செல்லைக் கைவிட்டது. கையைத் தேடித்தான் அவர் கம்ப்யூட்டரிடம் போனார்.

இதற்கு நேரெதிர் 2018இல் வந்த 'மெகலோ பாக்ஸ்'. 'நாளைய ஜோ'வின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி எடுத்த தொடர். தெளிவாக வரைந்து முடித்த படத்தின் தெளிவை வேண்டுமென்றே குறைத்து, மறுபடி பெரிதாக்கி, 1990களில் எடுத்தது போன்ற ஒரு மங்கலை ஏற்றினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததே எனக்குச் சங்கடமாகவும் இருந்தது. தெசாகிக்கு வேறு வழியில்லாமல் வந்த மங்கல் இங்கே ஒரு மசாலாவாகிவிட்டது. 2025 மார்ச்சில் எங்கள் கிளையில் நடந்தது இதன் அடுத்த படிதான். ஒரு வித்தியாசம் உண்டு: மெகலோ பாக்ஸில் வரைந்தவர்களுக்குக் கூலி போயிற்று.

என் ஏக்கத்துக்கு எது பொருள் என்று கேட்டுக்கொண்டால், எனக்குக் கிடைக்கும் விடை பெருமைப்படத் தக்கதல்ல. 1993இல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைகளில் மௌக்லியின் கதை வந்தது. ஜப்பானில் நிப்பான் அனிமேஷன் 1989இல் எடுத்த 'ஜங்கிள் புக்' தொடருக்கு இந்தி பேச வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்த டெலிவிஷன் பெட்டியில் காடு பச்சையாக, கொஞ்சம் பழுப்பாக, எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டு தெரியும். அந்த நடுக்கத்தில் எவ்வளவு ஃபிலிமுடையது, எவ்வளவு எங்கள் மொட்டைமாடி ஆன்டெனாவுடையது என்று இப்போது பிரிக்க முடியாது. நண்பரின் கடிதத்தில் உள்ள பதினொரு கைகளில் ஒன்றிரண்டாவது ஆன்டெனாவாக இருக்கலாம் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

செல்கள் இப்போது சேகரிப்பவர்கள் கையில் இருக்கின்றன. ஒரு காலத்தில் காமிரா எடுத்து முடித்ததும் அவற்றைக் குப்பையில் போட்டார்கள், எரித்தார்கள், ரசிகச் சிறுவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். இன்று ஏலத்தில் விடுகிறார்கள். அசிடேட் கெட்டுப்போகும்போது காடி வாசனை அடிக்கும், தாள் நெளியும். அதற்கு முன்பே இன்னொன்று நடக்கும் என்று சேகரிப்பவர்கள் கவலைப்படுகிறார்கள். இயந்திரம் ஏற்றிய கார்பன் கோடு ஆண்டுகள் போகப் போக வெளிறுகிறது. சிலவற்றில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. ஓவியரின் கோடு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. பின்புறத்தில் பூசிய வண்ணம் அப்படியே இருக்கிறது, எல்லையில்லாத முகமாகவும் தலைமயிராகவும் சட்டையாகவும். கன்னத்தில் பேனாவால் இழுத்த அந்தச் சின்னச் சிவப்புக் கோடுகளும் இருக்கின்றன.